பழைய சிஸ்டத்துக்கு எஸ்.எஸ்.டி. போட்டால் எது வேகமாகும், எது ஆகாது?

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு திருநெல்வேலி வட்டாரத்தில் பழைய சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. ஒரு கடையில், "அண்ணாச்சி, இது இனிமே தேறாது, புதுசு வாங்கிருங்க" என்கிறார்கள். நாலு கடை தள்ளிப் போனால், "ஹார்ட்டிஸ்க்கக் கழத்திட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க, சும்மா பறக்கும்" என்கிறார்கள். (தகவலைச் சேமிக்க ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுற்றும் தட்டு இல்லாத புதுவகைச் சாதனம்தான் எஸ்.எஸ்.டி.) இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நோயைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நம் சிஸ்டத்துக்கு எந்த நோய் என்று தெரியாமல் மருந்து வாங்கினால் காசு வீண்.

திறக்கும்போது மட்டும் முரண்டு

பத்திரப்பதிவு அலுவலகத்துப் பக்கம் இருக்கும் ஒரு டி.டி.பி. கடையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு வருடத்துச் சிஸ்டம். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, ஒரு டீயும் குடித்து வந்தால்தான் திரையில் ஐகான்கள் வரிசையாக வந்து நிற்கும். அப்போதும் உடனே வேலைக்கு ஆகாது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரைக் கிளிக் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டியின் முகப்பில் உள்ள சின்ன சிவப்பு விளக்கு மினுக்காமல் ஒரேயடியாக எரியும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே எலி சுரண்டுவது போல ஒரு கரகரச் சத்தம்.

ஆனால் பேஜ்மேக்கர் ஒருமுறை திறந்துவிட்டால் டைப் அடிக்க அடிக்க எழுத்து விழுகிறது. பத்தியை நகர்த்தினால் நகர்கிறது. பிரிண்ட் கொடுத்தால் போகிறது. இதுதான் துப்பு. சிஸ்டத்தின் மூளை தளர்ந்திருந்தால் திறந்த பிறகும் திணறியிருக்கும். திறக்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், மூளை எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பலசரக்குக் கடை

கம்ப்யூட்டரின் வேகத்தில் மூன்று பாகங்களுக்குப் பங்கு உண்டு. டவுன் ரதவீதியில் இருக்கும் ஒரு பலசரக்குக் கடையை மனதில் வைத்துக்கொண்டால் மூன்றும் எளிதாக விளங்கும்.

1. பிராசசர். கடையில் நிறுத்து, பொட்டலம் கட்டி, கணக்குப் போடுகிறவர் இவர். கைவேகம் மின்னல்.

2. ரேம். அவர் கைக்கு எட்டுகிற மேசை. அந்தந்த நேரத்து வேலைக்கு வேண்டியது மேசை மேல் இருக்கும். கரண்ட் போனால் மேசை துடைத்துவிட்டதுபோல் காலி.

3. ஸ்டோரேஜ். கடைக்குப் பின்னால் இருக்கும் கிட்டங்கி. விண்டோஸ், மென்பொருள், பத்திரம், போட்டோ எல்லாம் நிரந்தரமாக இங்கேதான். மேசையில் இல்லாத எதையும் இங்கிருந்துதான் எடுத்து வர வேண்டும்.

ஹார்ட்டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும் இரண்டு வகைக் கிட்டங்கிகள். நிறுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கிட்டங்கிக்குப் போன பையன் சரக்கோடு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

சுற்றும் தட்டில் நடக்கும் தேடல்

ஹார்ட்டிஸ்க் 1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த சாதனம். அந்த முதல் இயந்திரத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 3.75 எம்.பி., அதாவது இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ. அளவு எவ்வளவோ சுருங்கிவிட்டது, கொள்ளளவு எங்கேயோ போய்விட்டது. அடிப்படை அமைப்பு மட்டும் இன்றும் அதேதான்: காந்தப்பூச்சு பூசிய தட்டு சுற்றும், ஒரு கை அதன்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கும்.

மேசைக் கம்ப்யூட்டரில் உள்ள சாதாரண ஹார்ட்டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும். அப்படியென்றால் விநாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 4 மில்லி விநாடி. கை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 மில்லி விநாடி. ஆக, ஒரு சின்னத் துண்டுத் தகவலை எடுத்து வர 12 மில்லி விநாடி ஆகிறது.

நமக்கு அது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கோ அந்த நேரத்தில் 3.6 கோடி துடிப்பு கடந்துவிடும். அந்தத் துண்டு வந்தால்தான் வேலை நகரும் என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் அத்தனை துடிப்பும் சும்மா போகிறது.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் கிடையாது, கையும் கிடையாது. 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் மெமரிதான் அதன் உள்ளே இருப்பது. பென் டிரைவில் இருப்பதும் அதே இனம்தான். எந்த அறையில் தகவல் இருந்தாலும் மின்சாரம் நேராக அங்கே போய் எடுத்து வந்துவிடும். ஆகிற நேரம் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி.

கணக்குக்காக, விண்டோஸ் எழுந்து நிற்க 20,000 துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட்டிஸ்க்கில் 12 மில்லி விநாடி வீதம் 240 விநாடி, அதாவது 4 நிமிடம். எஸ்.எஸ்.டி.யில் 2 விநாடி. நிஜத்தில் விண்டோஸ் கொஞ்சம் சாமர்த்தியமாக வரிசை கட்டிப் படிக்கும், இடையில் பிராசசருக்கும் வேலை இருக்கும். அதனால் வித்தியாசம் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. டீ குடித்து வருகிற நேரம் அரை நிமிடமாகச் சுருங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பெட்டியில் அச்சிட்ட வேகம்

கடையில் எஸ்.எஸ்.டி. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் விநாடிக்கு 550 எம்.பி. என்று போட்டிருக்கும். ஹார்ட்டிஸ்க்கும் 100 முதல் 200 எம்.பி. வரை தருமே, அப்படியானால் மூன்று நான்கு மடங்குதானே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

பெட்டியில் போட்டிருப்பது மூட்டை தூக்கும் வேகம். ஒரு மூட்டை அரிசியைக் கிட்டங்கியிலிருந்து ஒரே நடையில் கொண்டுவருவது போல, ஒரு பெரிய சினிமா கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது அது. விண்டோஸ் எழுவதும் மென்பொருள் திறப்பதும் அப்படியல்ல. கடுகு 50 கிராம், சீரகம் 100, பெருங்காயம் ஒரு டப்பா என்று நாற்பது சாமான் லிஸ்ட். ஒவ்வொன்றுக்கும் தனி நடை. இந்தச் சில்லறை வேலையில் ஹார்ட்டிஸ்க் விநாடிக்கு ஒரு எம்.பி.யைக்கூடத் தொடாது. சாதாரண எஸ்.எஸ்.டி. 30, 40 எம்.பி. கொண்டுவரும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன, இரண்டும் காசு மிச்சம் பிடிப்பவை.

1. பழைய மதர்போர்டில் டிஸ்க்கை மாட்டச் சாட்டா 2 என்ற பழைய இணைப்புதான் இருக்கிறது, அது விநாடிக்கு 300 எம்.பி.க்கு மேல் தாங்காது, அதனால் எஸ்.எஸ்.டி. போட்டுப் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். தவறு. சில்லறை வேலையில் 40 எம்.பி. ஓடும் வண்டிக்கு 300 எம்.பி. சாலை தாராளம். மூட்டை வேகம்தான் பாதியாகும்.

2. என்.வி.எம்.இ. என்ற புதுவகை எஸ்.எஸ்.டி. 3500 எம்.பி.யும் அதற்கு மேலும் போகும். அதற்காகப் பழைய போர்டில் அடாப்டர் எல்லாம் வைத்துச் சிரமப்பட வேண்டாம். ஹார்ட்டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்குப் போவது மாட்டு வண்டியிலிருந்து பஸ்ஸுக்கு மாறுவது போல. அங்கிருந்து என்.வி.எம்.இ.க்குப் போவது பஸ்ஸில் முன் சீட்டுக்கு மாறுவது போலத்தான் அன்றாட வேலையில் தெரியும். தவிர, 2014-க்கு முந்தைய பெரும்பாலான போர்டுகளால் என்.வி.எம்.இ.யிலிருந்து விண்டோஸை நேராக எழுப்பவும் முடியாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசையையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 8-இலிருந்து டிஸ்க் எவ்வளவு உழைக்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். சிஸ்டம் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

1. டிஸ்க் 100 சதவீதம், சிபியு (இங்கே பிராசசருக்குத்தான் இந்தப் பெயர்) 10, 20 சதவீதம். காத்திருக்கும் நோய். எஸ்.எஸ்.டி.தான் மருந்து.

2. மெமரி, அதாவது ரேம், 90 சதவீதத்துக்கு மேல். மேசை சின்னது. இடமில்லாமல் மேசையில் இருப்பதை எடுத்துக் கிட்டங்கியில் வைப்பதும் மறுபடி கொண்டுவருவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் டிஸ்க்கும் 100 காட்டும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2 ஜி.பி., 4 ஜி.பி. ரேம் வைத்துக்கொண்டு பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இதுதான் நடக்கும். எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் வலி குறையும், நோய் இருக்கும். 8 ஜி.பி. ஆக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது நல்லது.

3. சிபியு 100 சதவீதம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்களில் பார்க்கலாம். நிறுப்பவரே களைத்துவிட்டார், கிட்டங்கியை மாற்றி என்ன பயன்? "புதுசு வாங்குங்க" என்று சொன்ன கடைக்காரர் சரியாகச் சொன்னது இவர்களுக்குத்தான்.

4. மூன்றும் குறைவாக இருக்கிறது, ஆனால் பட்டா எடுக்கும் தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நெட் அல்லது அந்தப் பக்கத்து சர்வர். நம் பெட்டிக்குள் எதை மாற்றினாலும் தீராது.

இன்னொன்றும் உண்டு. கரகரச் சத்தம் போய் 'டக்... டக்...' என்று தட்டுகிற சத்தம் வந்தால், வேகத்தை மறந்துவிட்டு முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். ஹார்ட்டிஸ்க் போகப் போகிறது.

பெட்டிக்குள் பொருந்துமா?

நம்மூரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டங்களில் அடிக்கடி கண்ணில் படும் போர்டுகள் சில. கோர் 2 டியோ காலத்து ஜி31, ஜி41, இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3-க்கு வந்த எச்61, அதற்கடுத்த எச்81. முதல் மூன்றிலும் சாட்டா 2. எச்81-இல் இரண்டு இணைப்பு சாட்டா 3, மற்றவை சாட்டா 2, எஸ்.எஸ்.டி.யைச் சாட்டா 3-இல் மாட்ட வேண்டும். எது எது என்று போர்டின் மேலேயே பொடியெழுத்தில் அச்சிட்டிருக்கும். பட்டையான ரிப்பன் கேபிள் மட்டும் உள்ள அதைவிடப் பழைய சிஸ்டத்தை விட்டுவிடலாம்.

எஸ்.எஸ்.டி. இரண்டரை அங்குல வகை, கையடக்க டைரி அளவு. மேசைக் கம்ப்யூட்டரின் ஹார்ட்டிஸ்க் அறைக்கு அது சின்னது. தகரத் தட்டு வாங்கிப் பொருத்தலாம், கிடைக்காவிட்டால் இரண்டு திருகு போட்டு ஓரமாக நிறுத்தினாலும் போதும். அசையும் பாகம் இல்லாததால் அதற்கு ஒன்றும் ஆகாது.

எவ்வளவு கொள்ளளவு? என் கணக்கில் 240 அல்லது 256 ஜி.பி. போதும். விண்டோஸும் மென்பொருளும் அதில், போட்டோவும் பழைய கோப்புகளும் ஹார்ட்டிஸ்க்கில் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். விலையும் இதையே சொல்கிறது. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டின் விலையும் ஏறின. குரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் '2 டி.பி. எஸ்.எஸ்.டி. ஆயிரம் ரூபாய்' என்று யாராவது விற்றால், உள்ளே பென் டிரைவ் சிப்பை ஒட்டிப் பொய்யாக அளவு காட்டும் சரக்குதான் அது. மூன்று அல்லது ஐந்து வருட உத்தரவாதமும் பில்லும் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

'எழுத எழுதத் தேய்ந்துபோகும்' என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஃபிளாஷ் அறைகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 டி.பி. எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள ஒன்றில் தினம் 20 ஜி.பி. எழுதினால் வருடத்துக்கு 7300 ஜி.பி., அதாவது 7.3 டி.பி.; தீர்வதற்குப் பத்து வருடத்துக்கு மேலாகும். பத்திரம் டைப் அடிக்கும் கடையில் தினம் 20 ஜி.பி. எழுதவே வழியில்லை.

பார்மட்டா, குளோனா?

புதிதாக விண்டோஸ் போடுவது சுத்தமான வழி. பத்து வருடக் குப்பை போய்விடும். ஆனால் டி.டி.பி. கடைக்காரரிடம் பார்மட் என்று சொன்னால் முகம் சுண்டிவிடும், அதற்குக் காரணம் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0. அதை இன்று புதிதாகப் போட சி.டி.யைத் தேட வேண்டும். யுனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த ஆயிரக்கணக்கான பத்திரங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் இருக்கும். அந்த எழுத்துருவோ விசைப்பலகை மென்பொருளோ தொலைந்தால் அத்தனையும் கிறுக்கலாகத் தெரியும். இவர்களுக்குக் குளோன்தான் சரி, அதாவது பழைய டிஸ்க்கில் இருப்பதை இருந்தபடியே புதியதில் படியெடுப்பது.

குளோன் செய்யும்போது வரிசை முக்கியம்:

1. முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் தனியாக எடுத்து வையுங்கள். பழைய டிஸ்க்கில் கெட்ட பகுதிகள் இருந்தால் குளோன் பாதியில் நின்றுவிடும்.

2. 500 ஜி.பி. டிஸ்க்கிலிருந்து 240 ஜி.பி.க்கு மாற்றலாம், உள்ளே இருக்கும் தகவல் அதற்குள் அடங்கினால். அடங்காவிட்டால் போட்டோக்களை முதலில் நகர்த்துங்கள்.

3. படியெடுத்து முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்து முதல் தடவை எழுப்புங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் பழையதிலிருந்தே எழுந்து, "எஸ்.எஸ்.டி. போட்டும் அதே வேகம்தான்" என்று புலம்ப வைக்கும்.

4. பழையதை இரண்டு வாரமாவது அழிக்காமல் வையுங்கள்.

பெட்டியைத் திறந்த கையோடு, மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். இதற்கும் எஸ்.எஸ்.டி.க்கும் என்ன சம்பந்தம் என்றால், போர்டின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது அந்த பேட்டரிதான். எஸ்.எஸ்.டி. நன்றாக ஓட, டிஸ்க்கோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. என்று அமைத்திருப்பார்கள் (ஜி31, ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது, அவற்றில் ஐ.டி.இ. என்ற பழைய முறையிலேயே ஓடும்). பேட்டரி தீர்ந்த போர்டில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போகும், சில போர்டுகளில் டிஸ்க் முறையும் ஐ.டி.இ.க்குத் திரும்பிவிடும். விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்கும். எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கப் போவார்கள். குற்றவாளி அந்தச் சின்ன பேட்டரி.

மாற்றிய பிறகு மாற வேண்டிய பழக்கங்கள்

வேகம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் கவனிக்காதது இது. ஹார்ட்டிஸ்க் சாகும்போது சத்தம் போட்டுச் சாகும். பல நேரம் நாட்கணக்கில் முன்னறிவிப்பு கொடுக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று சாயங்காலம்வரை ஒழுங்காக ஓடிவிட்டு, இன்று காலை அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டாது. அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போய்விட்டால் அவ்வளவுதான்.

அழித்த கோப்பை மீட்கும் கதையும் மாறிவிடுகிறது. ஹார்ட்டிஸ்க்கில் தவறி டெலீட் செய்துவிட்டால் சர்வீஸ் கடையில் மென்பொருள் வைத்துத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள்; அழித்ததாகக் குறிப்பு மட்டும்தான் மாறியிருக்கும், தகவல் தட்டிலேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யில், இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸே டிரிம் என்ற கட்டளை மூலம் சொல்லிவிடும், அது உள்ளே துடைத்துவிடும். விண்டோஸ் 7-இலிருந்து இது தானாக நடக்கிறது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகு யாரிடம் போனாலும் பெரும்பாலும் கை விரிப்பார்கள்.

கரண்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் லைனில் கிளை உரசி கரண்ட் போய்ப் போய் வரும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டுவது வம்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்.எஸ்.டி.யின் உள்கணக்கே குழம்ப வாய்ப்புண்டு. விலை குறைந்தவற்றில் அதைத் தாங்கும் மின்தேக்கி இருக்காது. பேட்டரி செத்துப்போய் வெறும் பிளக் பாயின்ட்டாக இருக்கும் யு.பி.எஸ். கணக்கில் சேராது.

ஆகவே கோப்புகளுக்கு இன்னொரு பிரதி கட்டாயம், அதுவும் அதே மேசையில் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறியது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால், தரையில் வைத்திருந்த சிபியுவும் மேசை டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் கிடக்க நேரும். கடையில் ஒன்று, வீட்டு மாடியில் ஒன்று என்று வையுங்கள். நனைந்த டிஸ்க் எதுவானாலும், ஓடுகிறதா என்று பார்க்க உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். உப்பும் சேறும் இருக்கும்போது கொடுத்தால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

விண்டோஸ் 11 கேள்வி

எஸ்.எஸ்.டி. போட்டால் விண்டோஸ் 11 ஏற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகம். இரண்டும் வேறு வேறு. மைக்ரோசாஃப்ட் கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரையும். எச்61-உம் எச்81-உம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தப் பட்டியலில் வராது. விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்கிறவர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டும் போதும் என்கிற வீட்டுச் சிஸ்டத்துக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், எஸ்.எஸ்.டி.யில் அழகாக ஓடும். பேஜ்மேக்கரும் டேலியும் வேண்டும் என்றால் அது நேராக ஒத்துவராது. பத்திரம் அடிக்க மட்டும் என்று ஒரு சிஸ்டத்தை நெட் கேபிள் இல்லாமல் தனியாக வைத்துவிட்டு, நெட் வேலைக்கு வேறொன்றைப் பயன்படுத்துவது நடைமுறையில் சரிப்பட்டு வரும் ஏற்பாடு.

கழற்றிய ஹார்ட்டிஸ்க்

நல்ல நிலையில் இருந்தால் அதுவே பேக்கப் டிஸ்க். யு.எஸ்.பி. பெட்டி ஒன்று வாங்கி அதற்குள் போட்டுவிடலாம். அலமாரியில் மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தகவலை வைத்திருக்க எஸ்.எஸ்.டி.யைவிட ஹார்ட்டிஸ்க்தான் நம்பிக்கையானது. தேய்ந்த ஃபிளாஷ் அறைகளில் மின்னேற்றம் மெல்லக் கசியும்.

கெட்டுப்போனது என்றால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம். அதில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், பட்டா, பத்திர வரைவு எல்லாம் இருக்கிறது. ஓடாத டிஸ்க்கிலிருந்தும் தகவல் எடுக்க ஆள் இருக்கிறார்கள். டிரில்லிங் மெஷின் இருக்கிற பட்டறையில் கொடுத்துத் தட்டு வழியாக நாலு ஓட்டை போட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் எடைக்குப் போடுங்கள்.